மாட்டியவரே கழற்ற வேண்டும்

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தம்பிப் பாப்பா பிறந்து இன்றோடு இருபத்தொரு நாள். இந்த இருபத்தொரு நாளில் அவனுடைய அக்கா, அதாவது என் மகள், அவனைத் தொட்ட எண்ணிக்கை: பூஜ்யம்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் ஐந்து வயசுப் பிள்ளை கிடையாது. இங்கே தாயும் சேயும் சௌக்கியம். தகப்பனைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்: சௌக்கியமில்லை. "பெரியவளை ரெண்டு மாசம் என்கிட்ட விடேன், உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்" என்று போனில் சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் அழைத்து வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் காரணம் எழுதினால் அது பழுது அறிக்கை மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

முதல் தவறு என்னுடையது. "உன்கூட விளையாட ஆள் வரப்போகுது" என்று மாதக்கணக்கில் சொல்லி வைத்திருந்தேன். ஆள் வீட்டுக்கு வந்த அன்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறாள். வந்ததோ துணியில் சுற்றிய தூங்குமூஞ்சி. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "அப்பா, இது இன்னும் முடியல. பல்லு வைக்கல. முடி பாதிதான் ஒட்டியிருக்காங்க. கழுத்து ஸ்க்ரூவை முறுக்கவே இல்ல, தலை ஆடுது. பாதி வேலையில ஏன் எடுத்துட்டு வந்தீங்க?" என்று என்னைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே தலையைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினாள். "தொடாதே! கழுத்து நிக்காது!" என்று நான் போட்ட சத்தத்தில் இவன் எழுந்தான், கீழ்வீட்டு நாயும் எழுந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்றைக்குக் கட்டின கைதான்.

மறுநாள் காலையில் தொட்டிலில் சிவப்பு அட்டை தொங்குகிறது. என் பையிலிருந்து எடுத்தது. உனக்கு இந்த அட்டை விவகாரம் தெரியாது. லிஃப்ட் கூண்டுக்கு அடியில் நான் இறங்கி வேலை செய்யும்போது மேலே ஒரு புண்ணியவான் சுவிட்சைப் போட்டுவிட்டால் என்னைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் சுவிட்சை அணைத்துப் பூட்டி, "வேலை நடக்கிறது. தொடாதீர்கள். மாட்டியவரே கழற்ற வேண்டும்" என்ற அட்டையை என் போட்டோவோடு தொங்கவிடுவோம். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வேலை முடிகிறவரை மாட்டியவன் அந்த இடத்தைவிட்டு நகரவும் கூடாது. (போன மாதம் நான் அட்டையைத் தொங்கவிட்டுச் சாப்பிடப் போய், ஒன்பது மாடிக் கட்டடமே இரண்டு மணி நேரம் படியேறியது, அதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வாங்கினேன். அதை விடு.) இதையெல்லாம் வீட்டுத் துணி துவைக்கிற மெஷினில் மாட்டிக் காட்டி இவளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த மேதாவியும் நான்தான். போட்டோவுக்கு என்ன செய்தாள் என்கிறாய்? சுவரில் இருந்த குடும்பப் படத்தில் தன்னை வெட்டி எடுத்து ஒட்டிவிட்டாள். இப்போது அந்தப் படத்தில் நானும் என் வீட்டுக்காரியும் ஒரு ஓட்டையை ஆளுக்கொரு பக்கம் அணைத்துக்கொண்டு சிரிக்கிறோம்.

பாப்பாவை எடை பார்க்க நர்ஸம்மா வந்தார். இவள் தொட்டில் இருக்கும் அறை வாசலை மறித்து, "அட்டை தொங்குது, தெரியலையா?" என்றாள். நர்ஸம்மா நல்ல மனுஷி, "யாரு மாட்டினது?" என்று கேட்டார். "நான்தான். இருங்க, கழட்டித் தர்றேன்" என்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அது நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு, லேசில் அவிழாது. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. எனக்கு வேலைக்கு நேரமாகிறது. கட்டிங் பிளேயரை எடுத்து ஒரே வெட்டு. அவள் அழவில்லை அக்கா. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அட்டையின் அடியில், விதியை மீறினால் அழைக்கவும் என்று ஒரு நம்பர் இருக்கும். படிக்கத் தெரியாது, ஆனா நம்பர் தெரியும் கழுதைக்கு. அம்மாவின் போனை வாங்கி என் சூப்பர்வைசருக்கே போட்டுவிட்டாள். "உங்க ஆளு அட்டையை வெட்டிட்டாரு." போனைக் கொடுத்தது யாரு? என் வீட்டுக்காரிதான். கேட்டால், "புள்ள நியாயமாத்தானே கேக்குது" என்கிறாள்.

சூப்பர்வைசர் மறுநாள் பாப்பாவைப் பார்க்கிற சாக்கில் புது அட்டையோடு வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, "மேடம், உள்ளே வரலாமா?" என்று இவளிடம் அனுமதி கேட்டார். என்னைப் பக்கத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். போகும்போது, "உன்னை அனுப்பிட்டு உன் பொண்ணை வேலைக்கு எடுத்தா கம்பெனி உருப்படும்யா" என்றார். அவள் தலையாட்டினாள்!

இதோடு விட்டாளா? எந்த பேரிங் போயிருக்கு என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன் நான், இந்தப் பயல் அழுதால் மட்டும் ஒன்றும் பிடிபட மாட்டேன் என்கிறது. பசி என்கிறேன், வயிற்று வலி என்கிறேன். வாசலில் நிற்கிறவள், "வெளிச்சம் கண்ணுல அடிக்குது, திரையை இழுத்து விடுங்க" என்கிறாள். இழுத்தால் அழுகை நிற்கிறது. பதினோரு தடவையில் ஒன்பது அவள் சொன்னது சரி, எனக்கு முட்டை. அப்புறம், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலுக்கே போய்விடுகிறாள். அவ்வளவு வெறுப்பு. தம்பியை ஓடாத லிஃப்ட் என்று ஒதுக்கி சிவப்பு அட்டை மாட்டிவிட்டாள், என்னையும் சேர்த்து. இது பச்சைப் பொறாமைதான் அக்கா, வேற ஒண்ணுமில்ல. எனக்கு இதையெல்லாம் தடவிக் கொடுத்துச் சரிபண்ணப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். நீ வச்சுக்கோ.

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிரட்டும். ஞாயிறு மதியம் நேரில் பார்ப்போம்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி

பின்குறிப்பு: மணி ஐந்து இருபது. உறையை ஒட்டுவதற்கு முன் அவளுடைய துணிமணியை எடுத்து வைக்கப் போனேன்.

"அத்தை வீட்டுக்கு ரெண்டு மாசம் போய் இருக்கியா?"

"முடியாதுப்பா. அட்டை தொங்குதே."

"கழட்டிட்டுப் போ."

"வேலை முடியலையே."

"அப்படி என்ன வேலை?"

என் சூப்பர்வைசர் பார்க்கிற அதே பார்வை. "கழுத்து. நீங்கதானே நிக்காதுன்னு சொன்னீங்க? நான் தினம் பாக்கறேன். நேத்து இவ்ளோ தூக்கினான்." விரலில் ஒரு நகம் அளவு காட்டினாள். "நல்லா நின்னதும் நானே கழட்டிட்டுத் தூக்கிக்குவேன். அதுவரைக்கும் போகக் கூடாது. சாப்பிடக்கூட அங்கிட்டு இங்கிட்டுப் போகக் கூடாது. நீங்கதான் போயிட்டுப் போயிட்டு வர்றீங்க."

இவன் பிறந்த மூன்றாம் நாளே வேலைக்குக் கிளம்பிப் போனவன் நான். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு. இனி செய்யப்போவது:

1. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்வேன்.
2. இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுப்பேன். காரணம்: வேலை முடியவில்லை. சூப்பர்வைசருக்குப் புரியும்.
3. நீ இங்கே வருவதானால் வா. அவளிடம் உனக்கு அனுமதி வாங்கி வைப்பேன்.
4. கழுத்துக்கு அடியில் கையை எப்படிக் கொடுப்பது என்று அவளுக்கு இன்றைக்கே காட்டுவேன். அன்றைக்கே காட்டியிருக்க வேண்டும்.
5. அதற்கு முன் அவள் அட்டையைக் கழற்ற வேண்டும். அந்த முடிச்சு அவிழ எவ்வளவு நேரமானாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.