நரிக்குக் கொக்கு வைத்த விருந்து

கிரின்ஸ்டெட்

அன்புள்ள மச்சான் அந்தோனிதாசனுக்கு,

மாதாவின் கிருபையால் நாங்கள் யாவரும் நலம். அங்கே ஸ்கீவயில் உமது முழங்கால் படியேறும் அளவுக்கேனும் தேறியிருக்க வேண்டுகிறோம். போனில் சொன்னால் இடையில் புகுந்து கத்துவீர் என்றபடியால் எழுதுகிறேன்.

எங்கள் மகள், உமது மருமகள் அஜந்தினி விரும்பிய டெனிஷ் பெடியனின் தகப்பன் பிறேபன் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் அல்லவா? வாட்டிய பன்றியிறைச்சி வாசல்வரை மணந்தது. "போடட்டுமா?" என்றார். மரியாதைக்கு "ஐயோ, வேண்டாம்" என்றேன். எங்கடை ஆக்கள் அதற்குப் பிறகுதானே சாப்பாட்டுக் கோப்பையை நிரப்புவினம்? மனுசன் "சரி" என்று சட்டியை மூடிப்போட்டார்! உமது தங்கச்சி அருள்நாயகிக்கும் அதே கதிதான். வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் தின்றோம். சின்ன வகுப்பில் படித்தோமே, நரி தட்டையான தட்டில் கூழ் ஊற்ற, கொக்கு சொண்டால் கொத்திக்கொண்டு நின்ற கதை. அந்தக் கொக்கு நான்தான். "இந்தச் சம்பந்தம் சரிவராது" என்று உமக்குப் போனில் கத்தியதும் அந்தப் பசியில்தான்.

கொக்குக்கும் ஒரு நாள் வரும்தானே? பிறேபனை இங்கே கூப்பிட்டேன். உமது தங்கச்சி கையால் இடித்த மிளகாய்த்தூளில் ஆட்டிறைச்சிக் கறி. கேட்கவேயில்லை, போட்டேன். கோப்பையில் மிச்சம் விட்டால் அவையளுக்கு மரியாதைக் குறைவாம், வழித்துத் துடைத்தார். வெறுங்கோப்பையைக் கண்டால் எங்கடை கை சும்மா இருக்குமோ? திரும்பப் போட்டன். கண்ணாலையும் மூக்காலையும் ஓடுது, முகம் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்துபோச்சு, ஒரு குறை சொல்லேல்லை மச்சான்! "நல்ல ருசி" எண்டு சொல்லிச் சொல்லித் திண்டார். கடைசியிலை அஜந்தினிதான் டெனிஷிலை கத்தினாள்: "அப்பா, காணும், நிப்பாட்டுங்கோ! மனுசன் செத்துப்போகும்!"

இப்படியொரு நரியை நான் கண்டதில்லை. வஞ்சகம் ஒண்டும் இல்லை, நான் சொன்ன சொல்லை அப்படியே நம்பின மனுசன். பெட்டையைக் குடுக்க இதைவிட நல்ல வீடு எங்கை கிடைக்கும்? அவையள் கேட்டால் உள்ளதை முதல் தரமே சொல்ல வேணும் எண்டு நானும் படிச்சிட்டன். நீர் தாய்மாமன். முகத்தைத் திருப்பாமல் சம்மதம் தாரும்.

உமது வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும், முழங்காலுக்கு எங்கள் செபமும்.

மச்சான்,
குருசுமுத்து

பி.கு.: ஒட்டிய கடிதத்தைத் திரும்பத் திறந்திருக்கிறேன். பின்னேரம் பிறேபன் கலண்டரோடு வந்தார். "கலியாணத்தை ஓகஸ்டிலை எங்கடை தோட்டத்திலை வைப்பமா? எல்லாம் நாங்களே பாக்கிறம்" என்றார். எனக்கெண்டால் பெரிய சந்தோசம். வாய் தன்பாட்டில் "சீச்சீ, வேண்டாம், வேண்டாம்" என்றது. "சரி" என்று கலண்டரை மடித்தார். இரண்டாந்தரம் கேப்பார் எண்டு சிரிச்சபடி நிண்டனான். கார் போன பிறகுதான் விளங்கினது. அஜந்தினி அறையைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள். உடனை வந்து அந்த மனுசனோடை கதைச்சு, எங்களுக்குச் சம்மதம் எண்டு சொல்லும் மச்சான். இரண்டாந்தரம் கேக்கமாட்டன்.