முழு மதிப்பு: ஓர் அடக்கமான அறிக்கை

பங்குகளை எடைபோடும் கலையில் பின்லாந்துக்காரர்களை மிஞ்ச இன்னோர் இனம் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். மற்ற நாட்டு நிபுணர்கள், பாவம், லாபம் நட்டம் என்று பழைய குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். ஹெல்சிங்கியில் அந்தச் சிரமமே கிடையாது. நிறுவனத்தின் தலைவர் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறார் என்று பார்த்தால் போதும். 'சுமார்தான்' என்றால் நல்ல பங்கு. 'சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்றால் பிரமாதம். மனிதர் வாயே திறக்கவில்லையா, யோசிக்காமல் வாங்கிவிடலாம்.

இந்த மகத்தான முறையில் பதினோரு வருஷம் ஊறியவள் ஐலா ருவோனா. ஹோக்மன் பங்குத் தரகு நிறுவனத்தின் ஆய்வாளர். இரண்டாயிரமாவது ஆண்டு பிப்ரவரியில் அவள் தலையில் விழுந்த பொறுப்பு சாமானியமானதல்ல. ஹெய்லா வயர்லெஸ் என்ற பங்கு அதன் முழு மதிப்பை எட்டிவிட்டதா, இன்னும் ஏற இடமிருக்கிறதா என்று தீர்ப்பு எழுத வேண்டும். எங்கிருந்தாலும் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தி, வீட்டு சௌனாவின், அதாவது நீராவிக் குளியலறையின், அடுப்பைச் சூடேற்றும் கம்பியில்லாக் கருவியைச் செய்கிற நிறுவனம் அது. எட்டே மாதத்தில் பங்கு நான்கு யூரோவிலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்குப் போயிருந்தது. கருவியை வாங்கியவர்கள் மொத்தம் முந்நூறு பேர். அதில் பாதிப்பேர் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். ஐலாவும் ஒன்று வாங்கி மாட்டியிருந்தாள். அவள் வீட்டு அடுப்பு அதனால் ஒருநாளும் சூடானதில்லை.

தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவன் அவள் தம்பி உர்ஹோ. வடக்கே கைனூவில், அப்பா விட்டுப்போன நாற்பது ஹெக்டேர் பைன் காட்டை வைத்துப் பிழைப்பவன். அக்காவின் அறிக்கை வந்ததும் மரத்தையெல்லாம் வெட்டி விற்று ஹெய்லாவில் போடுவதாக இருந்தான். வெட்டிய காடு மறுபடி வளர எண்பது வருஷமாகும்; அவனுக்கு வயது நாற்பத்தாறு. பொறு என்று சொல்ல ஐலாவுக்கு ஆசைதான். ஆனால் அறிக்கை வெளியாகும் முன் சொந்தக்காரரிடம் வாய்திறப்பது குற்றம். வந்ததும் படித்துக்கொள் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

ஹெய்லாவின் தலைவர் ஓட்ஸோ கெம்பைனன் ஒரு பொறியாளர். பொய் சொல்ல வராதவர். பத்து ஆய்வாளர்கள் தொலைபேசியில் கூடி அவரை விசாரித்தார்கள். அடுத்த மூன்று மாதம் எப்படி என்று ஐலா கேட்டாள். மறுமுனையில் நாற்பது விநாடி சத்தமே இல்லை.

"பனி கொட்டுனா சிக்னல் போக மாட்டேங்குது," என்றார் கடைசியில். "லாபம் இப்போதைக்கு இல்லீங்க. எப்ப வரும்னும் தெரியல. இந்த விலைக்கு நானே வாங்க மாட்டேன்."

ஆய்வாளர்கள் சொக்கிப்போனார்கள். இப்பேர்ப்பட்ட அடக்கத்தை அவர்கள் சர்வீஸில் கண்டதில்லை. பேச்சு முடிவதற்குள் பங்கு இருநூற்றுப்பத்தைத் தொட்டது. மனிதர் நிஜத்தையே சொல்லியிருப்பாரோ என்ற விபரீதமான எண்ணம் ஐலா ஒருத்திக்குத்தான் வந்தது. அதோடு அவள் முதலாளி பெர்ட்டில் ஹோக்மனிடம் போனாள்.

பெர்ட்டில் அவளுக்குக் காபி ஊற்றி, ஏலக்காய் பன்னையும் நகர்த்திவைத்தார். அறிக்கைப் படிவத்தில் நான்கு பரிந்துரைகள் உண்டு: 'உடனே வாங்குக', 'வாங்குக', 'சேர்த்துக்கொள்க', 'வைத்திருக்க'. ஐந்தாவதாக ஒன்றுக்குத் தேவை ஏற்படும் என்று படிவம் தயாரித்த பெரியவர்களுக்குத் தோன்றவில்லை.

"இது விக்க வேண்டிய பங்கு," என்றாள் ஐலா.

"இதுக்கு முன்னாடி அந்த வார்த்தைய எழுதுன ஆள் ஒருத்தர் இங்க இருந்தாரு."

"யாரு?"

"பேரு மறந்துபோச்சு." பெர்ட்டில் ஒரு வாய் காபி குடித்தார். "அடுத்த மாசம் ஹெய்லாவோட புதுப் பங்கை விக்கப்போறது நாமதான், தெரியுமில்ல? உண்மைய எழுதும்மா, யாரு வேண்டாங்கறா? நம்ம ஊர் வழக்கப்படி மெதுவா எழுது."

ஐலா மூன்று மணிநேரம் முயன்று, மனசாட்சிக்கும் நாற்காலிக்கும் சமநீதி வழங்கும் வாக்கியம் ஒன்றை இயற்றினாள். 'தற்போதைய விலை, நிறுவனத்தின் முழு மதிப்பை அநேகமாக எட்டியிருப்பதாகக் கருத இடமுண்டு. பரிந்துரை: வைத்திருக்க.' விஷயம் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள், ஓடு என்பது. அன்று அவள் நிம்மதியாகப் பன்னைத் தின்றாள்.

அறிக்கை வெளியானது. யாரையும் புகழ்ந்தே அறியாத ஐலா ருவோனாவே 'முழு மதிப்பு' என்கிறாளே என்று சந்தை மெய்சிலிர்த்தது. மதியத்துக்குள் விலை இருநூற்று அறுபது. உர்ஹோ கூப்பிட்டான்.

"அக்கா, படிச்சுட்டேன். வெட்டச் சொல்லிடவா?"

இப்போது சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அடுத்த மேஜையருகே பெர்ட்டில்தான் நின்றார், கையில் கோப்பையோடு, அன்பாகச் சிரித்தபடி.

"கொஞ்சம் யோசிச்சுச் செய்," என்றாள் ஐலா.

பின்லாந்தில் அக்காக்கள் இதைவிட உற்சாகமாகப் பேசுவதில்லை. மறுவாரம் கைனூவுக்கு மரம் வெட்டும் இயந்திரங்கள் வந்தன.

இலையுதிர் காலத்தில் ஹெய்லா பங்கு ஒரு யூரோவுக்கும் கீழே கிடந்தது. பங்குதாரர்கள் கூட்டம் போட்டு, தொடர்ந்து உண்மையைப் பேசி மக்களை ஏமாற்றிய குற்றத்துக்காக ஓட்ஸோவை வெளியேற்றினார்கள். ஹோக்மன் நிறுவனமோ பழைய அறிக்கையைத் தூசிதட்டி எடுத்து, நாட்டிலேயே 'முழு மதிப்பு' என்று சரியாகக் கணித்தவள் எங்கள் ஐலா ஒருத்திதான் என்று பத்திரிகையில் படம் போட்டது. அவளுக்குத் துறைத்தலைவர் பதவியும் வந்தது.

அந்த வாரக் கடைசியில் அவள் கைனூவுக்குப் போனாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டுண்ட அடிக்கட்டைகள். உர்ஹோ அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து அவளுக்கும் காபி ஊற்றினான். ஐலா கோப்பையைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாள்.

"நான் உண்மையத்தான்டா எழுதினேன்," என்றாள்.

"எழுதுன, அக்கா," என்றான் உர்ஹோ. "உன் வேலை போகாத அளவுக்குச் சத்தத்தைக் குறைச்சு எழுதுன."