ஓணத்துக்குக் கதிர் விடாத நெல்

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு. ஐந்தேகால் மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பினேன். காரைத் துடைத்தேன். இட்லி சாப்பிட்டேன். பிறகு, வலியசாலையில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், என் புகைப்படம் போட்ட பேனரை நானே ஏணி வைத்துக் கட்டினேன். 'புது நெல் அறுவடை விழா' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பேனரை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

காரணம், பைப் அண்ணாச்சி. தண்ணீரோடு ஜென்மப் பகை கொண்ட பிளம்பர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ராதாபுரம் பக்கத்து வறண்ட பூமியிலிருந்து இளவயதில் பிழைக்க வந்தவர். சொட்டும் குழாயின் சத்தம் மூன்று வீடு தள்ளியிருந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். யாரும் கூப்பிடாமலே உள்ளே நுழைந்து மூடிவிட்டுத்தான் போவார். ஒருமுறை எங்கோ கசிகிறது என்று தெரு வால்வையே அடைத்துவிட்டார். அப்போது எதிர்வீட்டுக் கோமதி மாமி தலை நிறைய ஷாம்புவோடு குளியலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருடா அது, கட்டையிலே போறவன்! கண் எரியறதுடா!"

"அஞ்சு நிமிசம் எரியட்டும் மாமி! இங்கன குடம் குடமா வீணாப் போவுது!"

இப்படிப்பட்ட மனிதருக்கு, வயலில் தண்ணீர் கட்டி நிறுத்துவதே ஊரறிந்த பைப் உடைப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. சேறு கலக்காமல், தண்ணீர் தேக்காமல், சோளம் மாதிரி ஈர மண்ணில் நேரடியாக விதைத்து நெல் வளர்க்கலாம் என்று கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்தின் கூட்டமொன்றில் கேட்டுவிட்டு வந்தார். வந்த வேகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நெல்லு என்ன மீனா சாமி, தண்ணிக்குள்ள நீந்துறதுக்கு?"

தெருக்கோடியில் துபாய்க்காரர் ஒருவருடைய மனை சும்மா கிடந்தது. அவரிடம் போனில் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தேன். சங்கம் ஒரு நிபந்தனை போட்டது: ஓணத்துக்குள் நெல் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மனை கார் நிறுத்துமிடமாகிவிடும். நாங்கள் எல்லோரும் கார் வாங்கிவிட்டு நிறுத்த இடமில்லாமல் தவிப்பவர்கள். அண்ணாச்சியோ, தெரு முழுவதற்கும் புது அரிசிப் பாயசம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

விதைக்கும் நேரத்தில் அவர் காட்டிய கறார் இருக்கிறதே, கல்யாண முகூர்த்தம் தோற்றது. விஷு கழிந்தும் விதைக்கவில்லை. தினமும் மண்ணில் விரலைக் குத்திப் பார்ப்பார்.

"முந்திப் போட்டா எறும்பு தின்னுரும். பிந்திப் போட்டா வைகாசியில வர்ற இடவப்பாதி மழையில முளை அழுகிரும் சாமி."

கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்ததும், மேட மாதத்து, அதாவது சித்திரைப் பத்தாம் நாளான, பத்தாமுதயத்தன்று விதைத்தார். நேரத்தில் குறையே சொல்ல முடியாது. வில்லங்கம் விதையில் வந்தது.

கிருஷி ஆபீசர் மேடம், தண்ணீர் நிற்காத நிலத்துக்கு ஏற்ற குறுகிய கால ரகம் ஒரு பை கொடுத்திருந்தார். அண்ணாச்சி அதை முகர்ந்து பார்த்தார்.

"இது எங்க விளைஞ்சது மேடம்?"

"ஞங்ஙள்ட பண்ணையில. தண்ணி கட்டின வயல்தான்" என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

"அப்ப வேண்டாம். குடிச்சுப் பழகின வித்து. எங்கிட்ட வந்தும் குடிக்கக் கேக்கும்."

நேரே நாஞ்சில் நாட்டிலிருந்த மைத்துனர் வீட்டுக்கு பஸ் ஏறினார். கும்பப்பூவுக்கு, அதாவது மாசியில் அறுக்கும் போகத்துக்கு, வைத்திருந்த பழைய விதையைக் கொண்டுவந்தார். வயல் காய்ந்து கிடக்கும் காலத்தில் முற்றுகிற நெல்லாம். அதைவிட யோக்கியமான வித்து உண்டா?

பயிர் வந்தது. மனையைச் சுற்றிப் பச்சை வலை கட்டி, கண் பட்டுவிடும் என்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஆவணி பிறந்த பிறகு அவர் முகத்தில் மட்டும் களை இல்லை. கேட்டால், "வரும் சாமி, வரும்" என்பார்.

விழாவன்று தெருவே கூடியிருந்தது. ரிப்பன் கட்டிய அரிவாளோடு நான் முன்னால் நின்றேன். வலையை விலக்கினார்கள். நெஞ்சு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று பயிர். ஒரு கதிர் இல்லை.

"அய்யோ அண்ணாச்சி!" ஆபீசர் மேடம் ஒரு தூரைப் பிரித்துப் பார்த்தார். "விதைச்ச நேரம் கரெக்ட், கேட்டோ. வித்துதான் மாறிப்போயி. இது பகல் குறையணும், அப்பத்தான் பூக்கும். சித்திரையில போட்டாலும் ஆடியில போட்டாலும் ஐப்பசி வரைக்கும் வெறும் இலைதான்."

"பாயசத்துக்குப் பதிலா கீரை மசியல் பண்ணிடலாமா?" என்றார் சங்கப் பொருளாளர். தெரு வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதே நொடியில், என் கையிலிருந்த ரிப்பன் அரிவாளை எங்கே ஒளிப்பது என்றும் தெரியவில்லை.

பொருளாளர் அங்கேயே போனை எடுத்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜேசிபி வரச் சொல்லிவிட்டார்.

"ஐப்பசி வரைக்கும் விடுங்க சாமி, கதிர் வந்துரும்" என்றார் அண்ணாச்சி, என்னை மட்டும் பார்த்து. பேனருக்குக் கீழே நின்றுகொண்டு, "சங்கத்துத் தீர்மானம் அண்ணாச்சி" என்றேன். அவர் தெருக் குழாயடிக்குப் போனார். குழாயைத் திறந்து தண்ணீரை முகத்தில் அடித்து அடித்துக் கழுவினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய்விட்டார்.

குழாயை மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைப் பார்த்து நிறுத்தினார்கள். நான் போய் மூடினேன்.

வீட்டில் மனைவி, "ஏன்னா, ஜேசிபி அந்த மனை கேட் வழியாத்தானே வரணும்?" என்றாள். "ஆமாம்" என்றேன்.

மறுநாள் மோட்டார் போடவில்லை, காரைத் துடைக்கவில்லை. முதல் வேலையாக அதை ஓட்டிக்கொண்டு போய் மனையின் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தே வீடு திரும்பினேன்.