மடி மாமாவின் பிரவுசர்

கரமனையில் எத்தனையோ மேதைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இணையத்தைக் குளித்துவிட்டுத் தொட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் அக்ரகாரத்து மடி மாமா.

பெயருக்குக் காரணம் ஒரு பத்திரிகை. அதில் லேப்டாப்பை ‘மடிக்கணினி’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவில் மடி என்றால் குளித்து, உலர்ந்த வேட்டி கட்டி, யார்மேலும் படாமல் இருப்பது. “பேரே மடிக்கணினி. குளிக்காமத் தொடலாமோ?” என்றார் மாமா. விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவேவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தினமும் குளித்தார்.

கணினிக்குள்ளும் ஆசாரம் உண்டு. பாங்குக்கும் பென்ஷனுக்கும் ஒரு மடிப் பிரவுசர். அதில் வேறெதையும் திறக்கக் கூடாது. செய்தி, சினிமா, ஊர்வம்புக்கு ஒரு விழுப்புப் பிரவுசர், அதாவது மடி இல்லாதது. தெருவே சிரித்தது. பாதுகாப்பு நிபுணர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லும் யோசனையும் இதேதான் என்பதை நான் மட்டும் அறிவேன். சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

தொல்லை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. அன்றுதான் டொரண்டோவிலிருந்து அவருடைய ஒரே பெண் மீனா வீடியோவில் பேசுவாள். லேப்டாப், காலேஜில் படித்தபோது அவளே லினக்ஸ் போட்டு வைத்திருந்த கிழட்டு யந்திரம். பெரிய பிரவுசரைத் திறந்தால் உள்ள நினைவகத்தையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். மீனா “சாப்பிட்டியா?” என்று கேட்க வாயைத் திறப்பாள். வாய் திறந்தபடியே நின்றுபோகும். குரல் மட்டும் எங்கிருந்தோ வரும்.

“புதுசு வாங்கும் ஓய். இதைக் கழிவு செய்ய முறை இருக்கு. மூணு பேர் கமிட்டி, ஒரு சான்றிதழ், அப்புறம் ஏலம்” என்றேன், ஆபீஸ் சூப்பரிண்டெண்டின் பழக்கத்தில்.

“சூப்ரண்டே, இது எம்பொண்ணு விட்டுட்டுப் போனதாக்கும். ஏலம் போட இதென்ன உம்ம ஆபீஸ் பீரோவா? இதிலே அவ முகம் அசையணும். அவ்வளவுதான்.”

ஆகவே லேசான பிரவுசருக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம்.

முதலில் பார்த்தது மிக லேசு. நொடியில் திறந்தது. எழுத்து மட்டுமே காட்டும். மீனாவின் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் ‘படம்’ என்று எழுதியிருந்தது.

“எலையைப் போட்டு ‘சாதம்’னு எழுதி வெச்சா நீர் சாப்பிடுவீரோ?” என்றார்.

இரண்டாவது படமும் காட்டியது, லேசாகவும் இருந்தது. விசாரித்ததில் அதைப் புதுப்பிப்பார் யாருமில்லை. ஓட்டைகள் ஓட்டைகளாகவே கிடந்தன. “கதவே இல்லாத வீடு கனமில்லாமத்தான் இருக்கும்” என்று மாமாவே தள்ளிவிட்டார்.

பிறகு நான் நடைமுறைப்படி இறங்கினேன். லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுப்பது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்ப்பது, விளம்பரத் தடுப்பு ஒன்றைத் தவிர எதையும் ஒட்டவிடாமலிருப்பது. மூன்றாவது வரன் தேறியது.

அந்த ஞாயிறு மாமா இரண்டு முறை குளித்ததாகக் கேள்வி. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீனா வந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கை அசைந்தது, முடி அசைந்தது, சிரித்தபோது முகம் முழுவதும் அசைந்தது. மாமா மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, எனக்கு இருட்டாத்தான் தெரியறது. கேமராவைத் திறயேன்.”

கேமரா மேல் எப்போதும் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். அதையும் நான் பாதுகாப்பு என்றே நினைத்திருந்தேன்.

“செக்யூரிட்டிடீ கொழந்தே.”

“எங்கிட்ட இருந்து உனக்கென்னப்பா செக்யூரிட்டி?”

மாமா என்னைப் பார்த்தார். மாமி போன பிறகு அவர் தம்பானூர் ஓட்டலில் ஒருவேளை சாப்பிட்டு மறுவேளைக்கு மோர் குடிப்பவர். சட்டை அவர்மேல் கொடியில் காய்வதைப் போலத் தொங்கும். தினமும் பார்க்கும் எங்களுக்கு அது பழகிவிட்டிருந்தது.

“பாத்தாப் பயந்துடுவளோ, சூப்ரண்டே?” என்று மெல்லக் கேட்டார்.

எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு விதி எண் இருக்கும். அன்று எதையும் தேடவில்லை. “காட்டும் ஓய்” என்றேன்.

துண்டின் நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். திரையில் ‘கேமராவை அனுமதிக்கவா?’ என்று கேட்டதற்கு, பாங்கில் கையெழுத்துப் போடுகிற ஜாக்கிரதையோடு ‘ஆம்’ அழுத்தினார்.

மீனாவின் முகம் அசையவில்லை. படம் மறுபடி நின்றுவிட்டது, இந்த வரனும் சொத்தை என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவள் கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னப்பா இது, இப்படி உருகிப் போயிருக்கே?”

“கேமரா மோசம்டீ. நான் குண்டாத்தான் இருக்கேன். வேணும்னா சூப்ரண்டைக் கேளு.”

நான் கேமராவில் படாமல் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த லீவில் மீனா வந்து அப்பாவைக் கையோடு அழைத்துப் போனாள். அங்கே அவர் நாலு கிலோ ஏறிவிட்டாராம். பனியிலும் விடாமல் குளித்துவிட்டுத்தான் கணினியைத் தொடுகிறாராம். நல்லதுதான்.

இங்கே கரமனையில் எல்லோருடைய கணினியும் ஒழுங்காக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் நகரமாட்டேன் என்கிறது.