ஹிட் பாட்டில் இருமியவர்

பல வருஷமாக அந்த டிரம்மருக்கு ஒரு மனக்குறை. ஊரே முணுமுணுக்கும் அந்த பாப் ராக் பாட்டுக்குக் கைத்தோல் உரியக் கொட்டியது அவர். ஆனால் அவர் வீட்டில் அதற்குப் பெயர் ‘அண்ணன் பாட்டு’. அண்ணன் என்றால் மனைவியின் அண்ணன். குழாய் ரிப்பேர் செய்பவர்.

இந்த மச்சான் ஒரு தனி ரகம் ஐயா. ‘அந்தப் பாட்டே நம்மாலதான்’ ரகம். உங்களுக்கும் பழக்கப்பட்டவர்கள்தான். ரிலீசுக்கு முன்னால் ‘தேறாது’ என்பார்கள், ஓடிய மறுநாள் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பார்கள். பாடியவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர், கிதாரைப் படியில் தூக்கி வந்தவர், ஸ்டுடியோ வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டியவர் எல்லோருக்கும் பாட்டில் பங்குண்டு. மச்சானுக்கோ நிஜமாகவே இருந்தது. அதுதான் வினை.

பாட்டைப் பதிவு செய்த அன்று, வீட்டுச் சாவி வாங்க வந்தவர் சும்மா போகாமல் சோபாவில் உட்கார்ந்தார். ஒரே அறை ஸ்டுடியோ. டிரம்ஸ் அதிர்ந்த அதிர்வில் பழைய கம்பளத்துத் தூசி கிளம்ப, குரல் தொடங்கும் முன் இருமிவிட்டார். அன்று அமைந்த வாசிப்பு அப்புறம் அமையவில்லை. இருமலோடேயே வெளியிட்டார்கள். பிய்த்துக்கொண்டு ஓடியது. கச்சேரிகளில் கூட்டம் இருமிவிட்டுத்தான் கைதட்டியது.

“எங்கண்ணன் பாட்டு ஓடுது, சத்தத்தக் கூட்டுங்க.”

“அதுல டிரம்ஸ் யாரு?”

“அது பின்னாடி எங்கயோ கேக்குது.”

இப்போது அதே பாட்டை அதே ஸ்டுடியோவில் புதிதாகப் பதிவு செய்தார்கள். டிரம்மர் தன் கையாலேயே கதவைத் தாழிட்டார். இருமல் இல்லை, நிம்மதி. போட்டுக் கேட்ட பாடகர் உதட்டைப் பிதுக்கினார்.

“என்னமோ கொறையுதே. உங்க மச்சானக் கூப்பிடுங்க.”

வந்தார், தொண்டை கெட்டுவிடக் கூடாதென்று கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு. மைக் முன் நின்றார். கனைப்பு வந்தது, ஏப்பம் வந்தது, இருமல் மட்டும் வரவில்லை.

“மாப்ளே, பழைய மாதிரி நீ வாசி.”

வாசித்தார். தூசி கிளம்பியது. வந்துவிட்டது.

வீடு திரும்பியதும் டிரம்மர் மனைவியிடம் சொன்னார்: “உங்கண்ணனுக்கு அந்த இருமலே என்னாலதான் வந்துச்சு.”

அவள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அடப்பாவமே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

அதிலிருந்து அவர் டிரம்ஸைப் பற்றிப் பேசுவதே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இருமல் பேச்சுத்தான்.

சிரிக்காதீர்கள். ஏதோ ஒரு பாட்டைப் பற்றி, ‘யாருக்கும் தெரியாதப்பவே நான் கேட்டுட்டேன்’ என்று நீங்கள் சொன்னதே இல்லையா? எதற்கும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். துணி இருக்கப்போகிறது.

வெளியீட்டு மேடையில் ஏறும் முன், மச்சான் டிரம்மரை ஓரமாக இழுத்துப்போய்க் கடைசியாக ஒன்று கேட்டார்:

“மாப்ளே, நான் இருமுறப்ப மட்டும் நீ கொட்டாத. என் சத்தம் அமுங்கிப்போகுது.”