சத்தமில்லாத குலவை

தும்மலையும் குலவையையும் அடக்கக் கூடாது என்பது என் கட்சி. அடக்கினால் தும்மல் காதுக்குப் போகும், குலவை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அடக்கியதே இல்லை. குளத்தூர்ப் பக்கம் எந்தக் கல்யாணம் என்றாலும் என்னை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். (என் அழகுக்காக இல்லை, தொண்டைக்காக.)

அந்தத் தொண்டைதான் என் கொழுந்தன் செந்திலின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

செந்தில் சென்னையில் உதவி இயக்குநர். வருஷக்கணக்காக டீ வாங்கிக் கொடுத்து, ஒருவழியாக ஒரு நல்ல படத்தில் சேர்ந்திருந்தான். உலகப் போர்க் காலத்து நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் நடிகருக்கும் ராணி வேஷக்காரிக்கும் காதல். அதற்காகப் புதுக்கோட்டையில் ஒரு பழைய கிடங்கை நாடகக் கொட்டகையாக மாற்றியிருந்தார்கள். கொட்டகையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கிற கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் வேண்டாம், எங்கள் ஊர்ப் பெண்களே போதும் என்று டைரக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"அண்ணி, பேசக் கூடாது, இருமக் கூடாது. நேரடியா சவுண்ட் எடுக்குறாங்க. ஊசி விழுந்தாக்கூட கேக்கும். ஒங்கள நம்பித்தான் சொல்லியிருக்கேன். சொதப்புனா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"வீட்டுக்குத்தானடா, வந்தா சோறு போடமாட்டேனா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

வேனில் போய் இறங்கினோம். என் கைக்கடிகாரத்தையும் ஸ்டிக்கர் பொட்டையும் பிடுங்கிக்கொண்டு, கண்டாங்கிச் சேலை கட்டிவிட்டு, முன்வரிசையில் தரையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கதாநாயகி ஒரு டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒல்லியாக, தலை நிறைய கிளிப்போடு. இதுவா ராணி என்று மனசுக்குள் நக்கலடித்தேன்.

செந்தில் எங்களுக்குக் காட்சியைச் சொன்னான். மறுநாள் நாயகன் பட்டாளத்துக்குக் கப்பல் ஏறுகிறான். நாடகத்தில் தினமும் பொய்த்தாலி கட்டுகிறவன், அன்றைக்கு நிஜ மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து மேடையிலேயே கட்டிவிடுகிறான். அது நிஜம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் கொட்டகையே மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். அதோடு அந்தப் பெண்ணுக்கு அழுகை ஒரு தடவைதான் வருமாம், இரண்டாவது தடவை கேட்டால் கிளிசரின்தானாம். அதனால் ஒரே டேக்.

விளக்குகளை அணைத்தார்கள். கேமரா ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்குச் செந்தில் "ரோலிங்" என்று குரல் கொடுத்தான். மேடையில் மட்டும் கேஸ் லைட் எரிந்தது. பின்னால் அரண்மனை வரைந்த படுதா. ஆர்மோனியம் ஆரம்பித்தது. தயிர்சாதம் சாப்பிட்ட பிள்ளை நடந்து வந்தது.

எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அது வேறு யாரோ. மேடை ஏறியதும் ஓர் ஆள் உயரம் கூடியிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்து நின்ற இன்னொரு கேமராவை மறந்தேன், செந்திலை மறந்தேன், அடுப்பில் ஊறப்போட்டுவந்த உளுந்தை மறந்தேன். (உளுந்து அடுப்பில் இல்லை, அடுப்படியில். பார்த்தீர்களா, நினைத்தால் இப்போதும் தடுமாறுகிறது.) அவன் மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். நாளைக்குப் போகிறவனுக்குக் கழுத்தை நீட்டினாள். இப்படி ஒரு கல்யாணம், வாழ்த்த ஒரு நாதி இல்லையே என்று இருந்தது.

முதல் முடிச்சு விழுந்தது. நான் போட்டேன் குலவை.

ஒருத்தி குலவை போடும்போது மற்றவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் ஊரில் மரியாதையா? எனக்குப் பின்னால் இருந்த செல்லம்மா அக்கா எடுத்தாள். வேனில் வந்த அத்தனை பேரும் எடுத்தார்கள். கிடங்குத் தகரமே அதிர்ந்தது. மேடையில் அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தது, உதடு துடித்தது, அப்படியே உடைந்து அழுதது.

விளக்கு வந்தது. டைரக்டர் கத்தவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு டேக் போகலாமா என்று கதாநாயகியைக் கேட்டார்கள்.

"இனிமே வராது சார்" என்றது, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

செந்தில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. எங்களை வேனில் ஏற்றிவிட வேறு ஒருவர்தான் வந்தார். அதன்பிறகு பல நாள் அவன் போனே எடுக்கவில்லை. சோறு போடமாட்டேனா என்று வாய்க்கொழுப்பாகப் பேசியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அவனே கூப்பிட்டான். "வேற டேக் இல்லாததால அதையே படத்துல வச்சுட்டாரு அண்ணி. என்னையும் வச்சுக்கிட்டாரு." அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதும்.

படம் புதுக்கோட்டையில் வெளியானபோது குடும்பத்தோடு போனோம். அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க என் முகம். கை வாயருகே, நாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, மெதுவாக, மிக மெதுவாக ஆடுகிறது. ஆனால் சத்தம் இல்லை. டைரக்டர் விட்டுக்கொடுக்கவில்லை, குலவையை மட்டும் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்.

"இம்புட்டு நீளமா ஒன் நாக்கு" என்றார் என் வீட்டுக்காரர். நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டேன்.

அப்போது பின்வரிசையில் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். யாரென்று இன்றுவரை தெரியாது. அங்கிட்டும் இங்கிட்டுமாக இன்னும் பல பேர் எடுத்தார்கள். திரையில் ஊமையாக ஆடிய என் நாக்குக்குத் தியேட்டரே சத்தம் கொடுத்தது. நானும் கையை வாயருகே கொண்டுபோனேன். ஆயுளில் முதல்முறையாக என்னால் குலவை போட முடியவில்லை.

போன வருஷம் செந்திலுக்குக் கல்யாணம். பட்டது போதும் என்று முன்வரிசையில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெட்டிமேளம் முழங்குகிறது, எல்லார் கையிலும் அட்சதை. செந்தில் தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டான்.

"கட்டுப்பா, நேரம் போவுது" என்றார் ஐயர்.

அவன் கட்டவில்லை. திரும்பி என்னைத் தேடிப் பிடித்தான்.

"அண்ணி, ரோலிங்" என்றான்.