நாரையும் கூரையும்

கூரை மாற்ற வேண்டும் என்று பச்சையம்மா சொல்லத் தொடங்கியதிலிருந்து அவள் புருஷன் கோதண்டத்துக்குப் பறவைகள் மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிட்டது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்து துரை ஒருவர் இருந்தார். பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் படகில் ஏறிவிடுவார். தனியாகப் போக மனசு வராது. ஊர்க்காரர்களையும் கூப்பிடுவார். பறவையைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர்கள் என்றால் இன்னும் குஷி. தன் பித்தளைக் குழலை ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்து, தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டுவார். அவர் பேச்சைத் துபாஷி லோகநாதன் தமிழில் சொல்வான்.

"ஞாயித்துக்கெழம நானும் பறவை பாக்கப் போறேன்" என்றான் கோதண்டம்.

"இன்னாது? பொறந்ததுலேர்ந்து ஏரியிலதான கெடக்கற? நீ பாக்காத பறவையா?"

"அது வெறுங்கண்ணு. இது குழலு. துரையே கூப்புடறாரு. மாட்டேன்னா மரியாதையா இருக்குமா?"

"மழை வருதுய்யா. என் தம்பி தொளசிங்கம் ஓலை வெட்டி வந்து போட்டுட்டான்."

"அடுத்த வாரம் நானே ஏறி மாத்தறேன்மே."

பச்சையம்மா அவனைப் பார்த்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"சரி. நீ நாரையப் பாரு. நான் கூரையப் பாத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை படகு ஏரியின் நடுவே நின்றது. கோதண்டத்தின் முறை வந்தது. குழலில் கண்ணை வைத்தான்.

"அடடா! பூநாரை என் மூக்கையே கொத்த வருதே!"

"கத்தாத. பறந்துடும்" என்றான் லோகநாதன்.

நாரைகள் தாமாகவே எழும்பின. குழல் அவற்றோடு போனது. கரை வந்தது. குப்பம் வந்தது. அவன் வீடும் வந்தது. கூரை மட்டும் வரவில்லை.

பழைய ஓலையெல்லாம் தரையில் கிடந்தது. துளசிங்கம் மேலே உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ஒரு சதுரப் புட்டி!

கோட்டைச் சிப்பாய்களுக்கு மீன் கொடுத்து வாங்கிய சீமைச் சாராயம் அது. கோதண்டம்தான் அதை எறவாணத்தில், ஓலைக்குள்ளே செருகி வைத்திருந்தான். கூரை மாற்றுவதை அவன் தள்ளிக்கொண்டே வந்ததற்கு அதுதான் காரணம். கீழே பச்சையம்மா புட்டியை வாங்கினாள், மோந்தாள், வேலைக்கு வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துக் கொட்டாங்கச்சியில் ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஐயோ! திருப்புங்க படகை!" என்று கோதண்டம் அலறினான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

துரை என்னவென்று கேட்டார். லோகநாதனுக்கு வாய் சும்மா இருக்காது. பறவைகளின் அழகைக் கண்டு இவன் உருகுகிறான் என்று சொல்லிவிட்டான். துரைக்கே கண் கலங்கியது. கோதண்டத்தின் முதுகைத் தட்டி, இன்று முழுக்க நீயே வைத்துக்கொள் என்று குழலைக் கையில் திணித்துவிட்டார். கோதண்டமும் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புதுக் கூரை பளபளத்தது. பச்சையம்மா சோறு போட்டாள்.

"இன்னாலாம் பாத்த?"

"பூநாரை. கூழைக்கடா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

"கேக்கவே ஆசையா கீது. அடுத்த வாரம் நான் போறேன். பொம்பளைங்களும் வரலாமாம், துபாஷி பொஞ்சாதி சொல்லிச்சு. நீ கரையில குந்திகினு கிழிஞ்ச வலையெல்லாம் தெச்சு வை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையோர நிழலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு கோதண்டம் உட்கார்ந்தான். நல்ல காற்று. கண் சொருகியது. ஒரு வாட்டி விழித்து ஏரியைப் பார்த்தான். படகில் இருந்தவர்கள் எல்லாரும் வடக்கே மேய்ந்த கூழைக்கடாக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் குழல் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு நேராகக் கரையைப் பார்த்தது.

கோதண்டம் அவசரமாக வலையூசியைக் கையில் எடுத்தான்.